கோடை ஓய்வுக்குப் பின் உழைப்புக்குத் திரும்பும் வகை



அக்கினி நட்சத்திரம் கழிந்தது. பள்ளிக்கூட மணி மறுபடியும் அடிக்கத் தொடங்கிவிட்டது. அம்மாச்சி வீட்டுக்குப் போன பிள்ளைகள் திரும்பிவிட்டனர். கலியாணம், திருவிழா என்று சில வாரங்கள் வேலையை நிறுத்தி வைத்திருந்த பெரியவர்களும் மண்வெட்டியையும் கொத்துக் கரண்டியையும் தேடி எடுக்கின்றனர். இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் பாடம் இதுவே: ஓய்ந்திருந்த சரீரத்தையும் புத்தியையும் மறுபடி வேலைக்குப் பழக்குவது எவ்வாறு? இது ஒரு பாடமா, நாளைக்குக் காலையில் எழுந்து வேலைக்குப் போகவேண்டியதுதானே என்று சிலர் கேட்கக்கூடும். அப்படி நினைத்துப் போகிறவர்களில்தான் பலர் முதல் வாரத்திலேயே படுத்துக்கொள்கின்றனர். வெயிலில் விழுந்து எழுந்திராமற் போனவர்களும் உண்டு. ஆகையால் சற்று நிதானமாகவே இதைப் பார்ப்போம்.

நம் பக்கத்துக் கரிசல் காட்டில் உழவு மாடு வைத்திருந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். கோடையில் சும்மா நின்ற காளைகளை, மழை விழுந்துவிட்டது என்பதற்காக முதல் நாளே பொழுது சாயும் வரை ஏரில் கட்டமாட்டார்கள். விடியுமுன் பூட்டி, வெயில் ஏறுமுன் அவிழ்த்துவிடுவார்கள். ஓய்வில் நின்ற மாட்டின் கழுத்துத் தோல் இளகிப்போயிருக்கும். எடுத்த எடுப்பில் நாள் முழுவதும் நுகத்தடியை வைத்தால் கழுத்துப் புண்ணாகும். புண்பட்ட மாடு அந்தப் பருவத்தில் பாதி நாள் தொழுவத்தில் நிற்கும். நாலு நாள் அரைப்பொழுது உழுதால் கழுத்து மரத்துவிடும், பிறகு கவலையில்லை. மாட்டுக்குக் காட்டிய இந்த விவேகத்தை மனிதனுக்கும் அவன் பிள்ளைக்கும் காட்ட வேண்டுமென்று நமக்கு ஏனோ தோன்றுவதில்லை.

நிலமும் அப்படியே. கரிசல் மண் கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. மேல்மண் பொடிந்து அந்த வெடிப்புகளுக்குள் விழுகிறது. இவ்வகை மண் தன்னைத்தானே புரட்டிக்கொள்கிறது என்று மண்ணியல் அறிஞர் சொல்லுவர். ஆகவே ஓய்ந்து கிடக்கும் நிலத்திலும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆயினும் காய்ந்த கட்டியில் கலப்பை இறங்காது. சேறாயிருக்கும்போது இறக்கவும் கூடாது. கோடை மழைக்குப் பின் பதம் பார்த்து உழவேண்டும். அந்தப் பதம் என்ற சொல்லை இக்கட்டுரை முழுவதும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு தவறென்று நான் சொல்ல வரவில்லை. அப்போஸ்தலர்கள் ஊர் ஊராய்ச் சுற்றிக் களைத்துத் திரும்பியபோது, தனியிடத்துக்கு வந்து சற்று இளைப்பாறுங்கள் என்று சேசுநாதரே அவர்களை அழைத்ததாக அர்ச். மாற்கு எழுதியிருக்கிறார். உழைப்பவனுக்கு ஓய்வு நியாயமானது. அந்த ஓய்வு நம்மிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது, எதை எடுக்காமல் விட்டது என்று தெரிந்துகொண்டால் திரும்புவது எளிதாகும்.

முதலில் சரீரம். 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்து வைத்தியர்கள் ஒரு சோதனை செய்தார்கள். இருபது வயதுள்ள, நோயில்லாத ஐந்து வாலிபர்களை மூன்று வாரம் படுக்கையை விட்டு எழாமல் வைத்திருந்தார்கள். முடிவில் அளந்து பார்த்தபோது, கடும் உழைப்பின்போது உடல் பயன்படுத்தக்கூடிய பிராணவாயுவின் அளவு கால்பங்குக்கும் மேலாகக் குறைந்திருந்தது. ஓடினால் மூச்சு வாங்கியது. இருதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் இரத்தமும் குறைந்துபோயிருந்தது. பின்பு இரண்டு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததில் இழந்ததைத் திரும்பப் பெற்றனர். கதை இத்துடன் முடியவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1996-இல், அதே ஐந்து பேரைத் தேடிப் பிடித்து மறுபடியும் அளந்தார்கள். முப்பது வருட மூப்பு அவர்களுடைய உழைக்கும் சக்தியைக் குறைத்ததைவிட, அன்று மூன்று வாரப் படுக்கை குறைத்ததே அதிகம் என்று தெரிந்தது! ஐம்பது வயதை எட்டிய அவர்கள் மிகவும் மெதுவாகத் தொடங்கி ஆறு மாதம் பயிற்சி செய்தபோது, வயதினால் குறைந்திருந்ததும் பெரும்பாலும் திரும்பி வந்தது.

நம்மில் யாரும் மே மாதம் முழுவதும் படுக்கையிலேயே கிடந்ததில்லை. ஆகையால் நமக்கு நஷ்டம் அவ்வளவு இராது. ஆனாலும் மூச்சும் இருதயத்தின் தெம்பும் விரைவில் குறைகின்றன, கைத்திறமையோ அவ்வளவு விரைவில் போவதில்லை. கொத்தனார் ஒரு மாதம் கழித்து வந்தாலும் செங்கல்லை நேராகவே வைக்கிறார். ஆனால் சாரத்தில் இரண்டு தடவை ஏறியிறங்கினால் மூச்சு இரைக்கிறது. இதில்தான் ஆபத்து இருக்கிறது. கைக்கு வேலை மறக்காததால், உடம்பும் பழைய உடம்புதான் என்று எண்ணி முன்போலவே வேகமாக இறங்கிவிடுகிறோம்.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. அக்கினி நட்சத்திரம் முடிந்தால் வெயில் முடிந்தது என்பது பஞ்சாங்கக் கணக்கு. மதுரைச் சீமையில் ஆனி மாதத்திலும் வெயில் இலேசில் இறங்குவதில்லை. மேற்கே மலைக்கு அப்பால் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது நமக்கு வருவது பெரும்பாலும் வறண்ட காற்றுதான். 2023-ஆம் ஆண்டில் ஜூன் தொடக்கத்தில் திறக்க வேண்டிய பள்ளிகளை வெப்பத்தின் காரணமாக ஜூன் 12-க்கும் 14-க்கும் தள்ளிவைத்தார்கள். 2024-இலும் ஜூன் 10 வரை தள்ளிப்போயிற்று. இந்தக் காற்றில் இன்னொரு வஞ்சனையும் உண்டு. வியர்வை வந்த உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் உடலைவிட்டுப் போயிற்று என்று தெரிவதில்லை. சட்டை நனையவில்லை, ஆகையால் வியர்க்கவில்லை என்று நினைப்பது பிசகு.

வெயிலில் வேலை செய்யப் பழகிய உடல் மற்ற உடலைப் போன்றதன்று. தினமும் வெப்பத்தில் உழைத்து வந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் இரத்தத்தின் நீர்ப்பாகம் பெருகுகிறது. வியர்வை சீக்கிரமாகத் தொடங்கி அதிகமாகச் சுரக்கிறது; அதில் போகும் உப்பு குறைகிறது; அதே வேலைக்கு இருதயம் முன்போல் அடித்துக்கொள்வதில்லை. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் புதிதாக இறங்கியவர்கள் வெப்பத்தால் மடிவதைக் கண்டு, 1930-களிலேயே அவர்களைச் சில நாட்கள் சூட்டுக்குப் பழக்கிய பிறகு கீழே அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார்கள். இந்தப் பழக்கத்தை ஓய்வு கரைத்துவிடுகிறது. இரண்டு மூன்று நாள் லீவு என்றால் ஒன்றும் ஆகாது. ஒரு வாரம் தாண்டினால் குறையத் தொடங்கும். ஒரு மாதமானால் ஏறக்குறைய எல்லாம் போய்விடும். மே மாதத்து வெயிலைத் தாங்கின நமக்கு ஜூன் வெயில் எம்மாத்திரம் என்று சொல்பவர், மே மாதத்தில் தாம் மின்விசிறிக்கடியில் இருந்ததை மறந்துவிடுகிறார்.

வெயிலால் சாகிற தொழிலாளரில் பெரும்பாலோர் வேலையில் சேர்ந்த அல்லது திரும்பிய முதல் சில நாட்களிலேயே சாகிறார்கள் என்று இதை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகையால் அமெரிக்க அரசின் தொழிற் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் ஒரு கணக்கு வகுத்துக் கொடுத்திருக்கிறது. முன்பே அந்த வேலையில் பழகி, இடையில் நின்று திரும்புகிறவர் முதல் நாள் வழக்கமான வேலையில் பாதி, இரண்டாம் நாள் நூற்றுக்கு அறுபது, மூன்றாம் நாள் எண்பது, நான்காம் நாள் முழு வேலை என்று ஏறலாம். புதிதாக வருகிறவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு. பிறகு நாளுக்கு அவ்வளவே கூட்டவேண்டும். அக்கணக்கை நம் காளைகளின் அரைப்பொழுது உழவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படிக்காத சம்சாரி கண்ட அளவும் ஆராய்ச்சி நிலையம் கண்ட அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கின்றன.

இங்கே ஒரு கேள்வி எழும். சாமி, முதல் நாள் பாதி வேலை செய்தால் பாதிக் கூலிதானே கொடுப்பார்கள்? எங்கள் அடுப்பு எப்படி எரியும்? நியாயமான கேள்வி. இதற்குக் கூலிக்காரர் பதில் சொல்ல முடியாது. ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்கள்தான் சொல்லவேண்டும். நம் பங்கிலும் தோட்டம் துரவு உடையவர்கள் இருக்கிறீர்கள், கட்டட வேலை எடுத்து நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒளிக்காமல் சொல்லுகிறேன். லீவிலிருந்து திரும்பின ஆளுக்கு முதல் மூன்று நாள் உச்சி வேளையில் வேலை கொடாதிருங்கள், கூலியைக் குறைக்காதிருங்கள். திராட்சைத் தோட்டத்துக்காரன் கடைசி ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் முழுப் பணம் கொடுத்த உவமையை வருடந்தோறும் கேட்கிறோமே, அது பூசையில் கேட்பதற்கு மட்டுமா? மொத்தமாகப் பேசி, இத்தனை நடைக்கு இவ்வளவு என்று கணக்கிடும் காண்ட்ராக்ட் வேலை இவ்விஷயத்தில் மிகக் கொடியது. ஓய்ந்து வந்தவன் முதல் நாளே பந்தயம் ஓடுகிறவனைப் போல ஓட வேண்டியதாகிறது. ஆள் விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்று அப்புறம் வழக்குப் பேசுவதைவிட, மூன்று நாள் பொறுப்பது பணக் கணக்கிலும் மலிவுதான்.

வேலை செய்கிறவர்களும் தங்களால் ஆனதைச் செய்யலாம். விடியற்காலையில் தொடங்குங்கள். காற்மணி அல்லது இருபது நிமிஷத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர் குடியுங்கள். தாகம் எடுக்கட்டும் என்று காத்திராதேயுங்கள். நீராகாரம், உப்புப் போட்ட மோர், கம்பங்கூழ் இவை நம் முன்னோர் விட்டுப்போன நல்ல ஆகாரங்கள். கடையில் விற்கும் வர்ணத் தண்ணீரைவிட மேலானவை, விலையும் குறைவு. தனியே வெயிலில் வேலை செய்யாதேயுங்கள். பக்கத்தில் நிற்கிறவர் உளறிப் பேசினாலோ, தள்ளாடினாலோ, காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ அவரைச் சும்மா விடக்கூடாது. அது வெப்பத்தாக்கின் அடையாளமாயிருக்கலாம். வியர்வை நின்றுபோகலாம், நில்லாமலும் இருக்கலாம். வியர்க்கிறதே என்று ஏமாறவேண்டாம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், மேலாடையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-க்குத் தகவல் சொல்லுங்கள். நினைவு தப்பினவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. புரையேறி அதுவே எமனாகும். வண்டி வருகிறவரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாதேயுங்கள். உடம்பு எவ்வளவு சீக்கிரம் குளிர்கிறதோ அவ்வளவுக்குப் பிழைக்க வழியுண்டு.

உடம்பு வலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நெடுநாளைக்குப் பின் வேலை செய்தால் அன்றைக்கு வலிக்காமல் மறுநாளும் அதற்கு மறுநாளும் வலிக்கிறது. தசையில் சேரும் ஏதோ ஒரு அமிலத்தால் இது வருகிறது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அந்த அமிலம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் கரைந்துபோய்விடுகிறது. தசை இழைகளில் நுண்ணிய சேதம் உண்டாவதே காரணமாயிருக்கலாம் என்று தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க அறிஞர் 1902-லேயே எழுதினார். பின்வந்த ஆராய்ச்சிகளும் அப்பக்கமே சாய்ந்தன. பாரம் ஏற்றுவதைவிடப் பாரத்தைத் தாங்கியபடி இறங்குவது அதிகமாக வலியை உண்டாக்கும். இரண்டாம் தடவை அதே வேலையைச் செய்யும்போது வலி வெகுவாகக் குறையும். ஆகவே வலிக்கிறதென்று அடியோடு நிறுத்தாமல் இலேசான வேலை செய்துகொண்டிருப்பதே நல்லது. சிறுநீர் மட்டும் காப்பித் தண்ணீர்போல் கறுத்துப் போனால் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இனி புத்தியின் காரியம். குருமடத்தில் தத்துவ சாஸ்திரம் படிக்கிற காலத்தில் எங்களுக்கு ஒரு கேள்வி போடுவார்கள்: பயிற்சியால் வந்த ஒரு திறமை, அதைச் செய்யாமல் நிறுத்திவிட்டால் அழிந்துபோகுமா? அர்ச். தோமாஸ் அக்வினாஸ் இதற்குச் சொல்லும் விடை நம் ஊர்ச் சம்சாரிக்கும் விளங்கும். நிறுத்துவது நேராகத் திறமையை அழிப்பதில்லை என்கிறார் அவர். ஒருவன் தன் புத்தியை உபயோகியாமல் இருக்கும்போது சம்பந்தமில்லாத வேறு எண்ணங்கள் மனத்தில் முளைக்கின்றன. அடிக்கடி உபயோகித்து அவற்றை வெட்டியெறிந்தாலொழிய அவை திறமையை நெருக்கி மங்கச் செய்கின்றன. அதாவது, பயிரைப் பிடுங்கியவர் யாருமில்லை, களையெடுக்கத்தான் ஆளில்லை. எழுநூறு வருடங்களுக்கு முன் எழுதிய அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது, அவர் கைபேசியைக் கண்டிருப்பாரோ என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு!

இதை அளந்து பார்த்தவரும் உண்டு. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் பொருளில்லாத எழுத்துக் கூட்டங்களைத் தாமே மனப்பாடம் செய்து, மறந்தபின் மறுபடியும் மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கணக்கிட்டு 1885-இல் ஒரு நூல் வெளியிட்டார். மறதி முதல் நாளில்தான் மிக வேகமாக நடக்கிறது. ஒரு நாள் கழிந்து மறுபடி படித்தபோது முதல் பிரயாசையில் மூன்றில் ஒரு பங்கே மிச்சமாயிற்று. பிறகு மறதியின் வேகம் தணிகிறது. ஒரு மாதம் சென்ற பின்னும் ஐந்தில் ஒரு பங்கு பிரயாசை மிச்சமாயிற்று. பொருளே இல்லாத எழுத்துகளுக்கு இந்தக் கதி என்றால், பொருள் விளங்கிப் படித்த பாடம் இன்னும் எவ்வளவோ நன்றாக நிற்கும். உங்கள் மகன் பெருக்கல் வாய்பாட்டில் தடுமாறுகிறான் என்றால் அது முழுவதும் போய்விட்டதென்று அர்த்தமல்ல. முதலில் கற்க எடுத்த நேரத்தில் ஒரு பகுதியிலேயே அது திரும்பும்.

பெற்றோர்களே, இதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். பள்ளி திறந்த முதல் இரண்டு வாரத்தில் பிள்ளையின் புத்தியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதேயுங்கள். "ஒரு மாசத்துல எல்லாத்தையும் மறந்துட்டு வந்து நிக்கிறியே, மக்கு" என்று அப்பா சொல்லும் ஒரு வார்த்தை அந்தப் பிள்ளையிடம் வருடக்கணக்காய்த் தங்கும். படிப்பு வரவில்லை என்று பத்தாம் வகுப்பில் நின்று வேலைக்குப் போன பிள்ளைகள் சிலரிடம் பேசிப் பார்த்திருக்கிறேன். தனக்கு வராது என்று பிள்ளை எப்போது நம்பத் தொடங்கினான் என்று விசாரித்தால், பாடம் கடினமாயிருந்த நாளைவிட, யாரோ ஒருவர் பத்துப் பேர் நடுவில் ஏதோ சொன்ன நாளைத்தான் சொல்கிறார்கள். அமெரிக்காவில் இதைப் பற்றிய பல ஆராய்ச்சிகளை 1996-இல் ஒன்றுகூட்டிப் பார்த்தபோது, கோடை விடுமுறையில் பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் பாடம் பின்தங்குகிறார்கள் என்றும், கணக்குப் போடும் பழக்கமே அதிகமாகக் குறைகிறது என்றும் தெரிந்தது. அந்த அளவெல்லாம் சரிதானா என்று பிற்காலத்தில் வந்தவர்கள் சந்தேகித்ததும் உண்டு. எப்படியாயினும் பள்ளியில் ஆசிரியர்கள் முதல் சில வாரங்களைப் பழைய பாடத்துக்கு ஒதுக்குவது வீண் வேலையல்ல. அதை வீட்டில் குறை சொல்லவேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியது என்ன? புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசிப்பது சுகமான வேலை, பலன் குறைந்த வேலை. புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததைச் சொல்லிப் பார்ப்பது கஷ்டம், ஆனால் நிற்கும். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் இதைச் சோதித்தனர். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்களே நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பாராமல் சொல்லிப் பார்த்தவர்கள் அவர்களை மிஞ்சினார்கள். படிக்கத் தெரியாத தாய்மாரும் இதற்கு உதவலாம். அடுப்படியில் இருந்தபடியே, "இன்னைக்கு என்ன பாடம்டா, எனக்குச் சொல்லு" என்று கேட்டால் போதும். அப்பத்தாவுக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பரீட்சையில் பயமில்லை. தொடக்கத்தில் ஒரே மூச்சாக இரண்டு மணி நேரம் உட்காரவைக்க வேண்டாம். இருபது நிமிஷம் படிப்பு, கொஞ்சம் எழுந்து நடமாட்டம், மறுபடி இருபது நிமிஷம் என்று முதல் வாரம் போகட்டும். நேரத்தைப் பிறகு நீட்டலாம்.

தூக்கமும் முக்கியம். லீவில் நள்ளிரவு வரை விழித்திருந்த பிள்ளையை ஒரே நாளில் ஒன்பது மணிக்குத் தூங்கு என்றால் தூக்கம் வராது, படுக்கையில் புரளுவான். ஒவ்வொரு நாளும் கால் மணி நேரம் முன்னதாகப் படுக்கவைத்து, காலையில் எழுந்தவுடன் வாசல் வெளிச்சத்தில் கொஞ்சம் நிற்கச் செய்தால் பன்னிரண்டு நாளில் வழிக்கு வரும். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாமலும், வளர்ந்த பிள்ளைகளுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமலும் தூக்கம் வேண்டும். கைபேசி படுக்கைக்கு வெளியே உறங்கட்டும். இதில் தகப்பனார் கைபேசியும் அடக்கம்.

சரீர வேலை ஒருவருக்கு, புத்தி வேலை ஒருவருக்கு என்று நான் இதுவரை பிரித்துச் சொல்லிவந்தேன். அப்படிப் பிரிக்கலாகாது என்று கற்பித்த ஒருவர் நம் டி. கல்லுப்பட்டியிலேயே வாழ்ந்தார். கோ. வெங்கடாசலபதி அவர்கள் 1940-இல் இங்கே தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமத்தை நீங்கள் அறிவீர்கள். காந்தியடிகளின் பொருளாதார அறிஞரான ஜே. சி. குமரப்பா உடல்நலம் குன்றிய பின் 1950-களில் அங்கேதான் வந்து தங்கினார். 1892-இல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். இலண்டனில் கணக்காய்வும் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் கற்றவர். 1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தியவர். ஜபல்பூர்ச் சிறையில் இருந்த நாட்களிலும் அவர் கை ஓயவில்லை. நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியும் சேசுநாதருடைய போதனைகளைப் பற்றியும் இரண்டு நூல்கள் அங்கே எழுதினார். 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், சென்னையில் காலமானார்.

வேலையைப் பற்றிக் குமரப்பா கொண்ட கருத்து நம் பாடத்துக்கு நேராகப் பொருந்துகிறது. சரீரத்துக்கு ஆகாரம் எப்படியோ, மனிதனுடைய மேலான சக்திகளுக்கு வேலை அப்படி என்பது அவர் கொள்கை. ஷூமாக்கர் என்ற பொருளாதார அறிஞர் பிற்காலத்தில் இக்கருத்தைத் தம் நூலில் எடுத்தாண்டதால் அது உலகமெங்கும் பரவிற்று. எந்த வேலையிலும் சலிப்பான பகுதியும் மகிழ்ச்சியான பகுதியும் கலந்தே இருக்கின்றன. சலிப்பை ஒருவன் தலையிலும் மகிழ்ச்சியை இன்னொருவன் கையிலும் பிரித்துக் கொடுத்தால் இருவரும் கெடுகிறார்கள் என்றும் அவர் கருதினார். ஆகாரம் என்ற உவமையை நானும் கொஞ்சம் நீட்டிக்கொள்ளுகிறேன். பல நாள் உபவாசம் இருந்தவனுக்கு முதல் வேளையே பிரியாணி கொடுப்பாருண்டோ? கஞ்சியில்தானே தொடங்குவோம்? கஞ்சியிலும் உப்பு, காய், கீரை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கவேண்டும். 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலின் வழியாகவே புத்தியை வளர்க்கப் பார்த்தது.

ஆகவே படிக்கிற பிள்ளைக்கு இந்த ஜூன் மாதத்தில் தினம் அரைமணி நேரமாவது சரீர வேலை கொடுங்கள். தண்ணீர் எடுக்கட்டும், செடிக்கு ஊற்றட்டும், வாசல் பெருக்கட்டும். ஆண்பிள்ளைக்கும் இது உண்டு. பெண்பிள்ளைக்கு மட்டும் பாத்திரத்தையும் துடைப்பத்தையும் கொடுத்து, அவள் படிக்கிற நேரத்தைத் திருடாதேயுங்கள். உழைத்துக் களைத்து வரும் பெரியவர்களும் கால் மணி நேரமாவது செய்தித்தாளோ பிள்ளையின் பாடப் புத்தகமோ வாசிக்கலாம். அர்ச். ஆசீர்வாதப்பர் ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் தம் மடத்துக்கு எழுதிய ஒழுங்கில், கோடைக்கு ஒரு கால அட்டவணை, குளிர்காலத்துக்கு வேறொன்று என்று வகுத்திருக்கிறார். கோடையில் வயல் வேலை காலையில். வெயில் ஏறியபின் வாசிப்பு. மதிய உணவுக்குப் பின் இளைப்பாறுதல். பலவீனருக்கு, அவர்கள் சோம்பியும் இராமல் நசுங்கியும் போகாமல் தக்க வேலை கொடுக்கவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். துறவிகளுக்கே இவ்வளவு இரக்கம் காட்டினார் என்றால் குடும்பஸ்தர் நாம் நமக்குள் காட்டலாம்.

கடைசியாக, இந்தக் கணக்குகளுக்குள் அடங்காதவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே சொன்ன நான்கு நாள் கணக்கு ஆரோக்கியமான ஆட்களுக்கு. காய்ச்சலிலோ ஆபரேஷனிலோ கிடந்து எழுந்தவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், அறுபது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை வியாதியும் இருதய நோயும் உள்ளவர்கள் இதைவிட மெதுவாகத்தான் ஏறவேண்டும். இரத்தக் கொதிப்புக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெயில் வேலைக்குத் திரும்புமுன் அந்த மாத்திரையைக் குறித்து டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும், தாங்களாக நிறுத்திவிடக்கூடாது. இருதய நோயும் சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்குத் தண்ணீர், உப்பு இவற்றின் அளவும் வேறு. மோரில் எவ்வளவு உப்புப் போடலாம் என்பதையும் டாக்டரிடமே கேட்கவேண்டும். நம் டி. கல்லுப்பட்டி அரசு ஆஸ்பத்திரியில் இதைக் கேட்கப் பணம் ஒன்றும் பிடிக்காது. மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.